வெறும் ஏனம்

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வத்தலக்குண்டில் என் மச்சினன் குடியிருந்த வாடகை வீட்டில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று குடும்பமே சாமியாடியிடம் ஓடியபோது, மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் தேய்ந்துபோயிருந்த மிதவை வால்வை மாற்றிவிட்டு வந்தவன் நான்தான். கொலுசு அன்றோடு நின்றது, ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஆகவே இதையும் ஏதோ ஒரு வால்வு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. எந்த வால்வு என்று கண்டுபிடித்தால் மட்டும் எனக்கும் சொல்லுங்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் லாரி டீசல் பம்ப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே பட்டறை, மேலே வீடு, வீட்டுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த அறைதான் என் பைத்தியம். இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கிற பட்டாளத்துச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். துருப்பிடித்த இரும்புத் தொப்பிகள், பித்தளைக் குண்டு உறைகள், ஆணி அடித்த பூட்ஸ் அடிப்பாகம், வயர் அறுந்த போர்க்களத் தொலைபேசி, இப்படி. யுத்தம் எனக்குப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாமானை இவ்வளவு நேர்த்தியாகச் செய்து, கொண்டுபோய்ச் சேற்றில் புதைத்திருக்கிறார்களே என்ற வயிற்றெரிச்சல்தான். என் மனைவி ஜெயா அந்த அறைக்கு 'எழவு வீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள். பெருக்கக்கூட உள்ளே வர மாட்டாள்.

எங்களைப் போல் சேர்க்கிறவர்கள் நாடு பூராவும் இருக்கிறார்கள், போனில் பேசிக்கொள்வோம், படம் அனுப்பிக்கொள்வோம். யார் எதை வாங்கினாலும் முதலில் கேட்கும் கேள்வி, "உசுரு இருக்கா, செத்ததா?" உள்ளே வெடிமருந்து இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, கிட்டேயே போகக்கூடாது, போலீசுக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மருந்தை எடுத்து, ஓட்டை போட்டு, வெறும் கூடாக ஆக்கியது செத்தது. செத்ததை மட்டும்தான் வீட்டுக்குள் விடலாம். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். என் அறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் செத்தது என்று இது நடக்கும் வரைக்கும் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

மணிப்பூர் மலைப் பக்கம் ஒரு பழக்கக்காரர் இருக்கிறார், ஆரஞ்சுத் தோட்டக்காரர். பர்மாச் சண்டை அந்த மலைகள் வரைக்கும் வந்ததில்லையா, அவர் மண்வெட்டியைப் போட்டால் ஏதாவது ஒன்று தட்டுப்படும். அவரிடம் ஒரு இரும்புத் தொப்பி கேட்டிருந்தேன். பார்சலைப் பிரித்தால் தொப்பிக்குள்ளே அலுங்காமல் இருக்கட்டும் என்று இன்னொரு சாமானையும் திணித்திருந்தார். பட்டாளத்துக்காரன் கஞ்சி காய்ச்சவும் சாப்பிடவும் இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் அலுமினிய டப்பா, நீளவாக்கில், மடக்குகிற கைப்பிடியோடு. கேட்டதற்கு, கொசுறு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அலுமினியச் சட்டியில் உயிர் ஏது, செத்தது ஏது, அந்தக் கேள்வியைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். மண் கரைய கரையப் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம் இல்லையா, கல்யாணச் சீர் வந்த அன்றே கடைக்காரன் டக் டக்கென்று புள்ளியாகக் குத்திக் கொடுப்பானே, அக்கம்பக்கத்துக்கு இரவல் போனாலும் பந்திக்குப் போனாலும் வீடு திரும்பி வரட்டும் என்று, அதே மாதிரி. கடையில் வெட்டியதல்ல, ஆணியை வைத்துக் கல்லால் தட்டியது, கோணல் மாணலாக இருந்தது. படித்துப் பார்த்தேன். 'வெ. சின்னக்காளை. நிலக்கோட்டை.'

கடைசி ளை பழைய எழுத்து, தலைக்கு மேலே யானைத் துதிக்கை போட்டது. எத்தனையோ வருஷமாக வெள்ளைக்காரன் பெயரும் சப்பான்காரன் எழுத்தும் பார்த்த கண் எனக்கு. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்குகிற ஊர்க்காரன் பெயரைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மறுபடி படித்தேன்.

சத்தம் அந்த வாரமே ஆரம்பித்தது. ராத்திரி அல்ல, நட்ட நடு மதியம். பட்டறையைச் சாத்திவிட்டு நானும் ஜெயாவும் சாப்பிட உட்காரும் நேரத்தில், தலைக்கு மேலே யாரோ பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம். அடியில் ஒட்டியிருப்பதை விரலாலோ கரண்டியாலோ வழித்து எடுப்போமே, அந்தச் சத்தம். நீளமாக ஒரு இழுப்பு, மூலைக்கு வந்ததும் சின்னச் சின்னதாகக் கிறுக் கிறுக், மறுபடி நீளமாக ஒரு இழுப்பு. மேலே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, டப்பா அலமாரியில் வைத்தது வைத்தபடி இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அலுமினியம் சூடேறி விரிகிறது என்று சொல்லி இறங்கி வந்தேன். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே பட்டறையில், குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வைத்தேன். அன்றைக்கு மதியம் சத்தம் பட்டறையிலிருந்து வந்தது. எலிப்பொறி வைத்தேன், எலி விழுந்தது, சத்தம் நிற்கவில்லை.

ஜெயாதான் சொன்னாள். "சாப்பாட்டு நேரத்துக்குத் தப்பாம வருதுங்க. யாரோ பசியில கெடந்து சொரண்டுற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டு என் கையில் கொடுத்து, நீங்களே அதில் கொட்டிவிட்டு வாருங்கள், நான் அதைத் தொட மாட்டேன் என்றாள். அவள் மனத்திருப்திக்காகக் கொண்டுபோய் டப்பா நிறையக் கொட்டி, பக்கத்திலேயே நின்றேன். நம்பினால் நம்புங்கள், சோறு டப்பா விளிம்பு வரைக்கும் இருக்கிறது, ஒரு பருக்கை அசையவில்லை, சத்தம் மட்டும் என் கண் முன்னால் வருகிறது. அதுவும் சோற்றுக்குள் கரண்டி போகும் சத்தம் அல்ல. காலி டப்பாவில், வெறும் அலுமினியத்தில் சுரண்டும் சத்தம். அன்றைக்குத்தான் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து டப்பாவைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தேடுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. அந்தக் காலத்துக் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். 'வெ. சின்னக்காளை' என்றால் அப்பன் பெரும்பாலும் வெள்ளைச்சாமி, அப்படியென்றால் சின்னக்காளைக்கு மகன் இருந்தால் அவனும் வெள்ளைச்சாமிதான். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை ஏற்றிப் போகும் வேன் டிரைவர் சேவியர் என்னிடம்தான் பம்ப் பார்ப்பான். அவனிடம் சொல்லி வைத்தேன், அப்பா பட்டாளத்துக்குப் போய் வராத வெள்ளைச்சாமி யாராவது அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று. ஒரு வாரத்தில் வந்து சொன்னான். "இருக்காருண்ணே. எண்பதத் தாண்டின மனுசன். இன்னைக்கும் ஊருக்குள்ள அவர 'பட்டாளத்தான் மகன்'னுதான் சொல்றாக."

நிலக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம், பெயர் வேண்டாம், அவர் மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆடி பிறக்கச் சில நாட்கள் இருந்தன. டப்பாவைக் குமிழிப் பிளாஸ்டிக்கில் நான்கு சுற்று சுற்றி, வண்டி டிக்கியில் வைத்து, காலை வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வெள்ளைச்சாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்று மகள் பாண்டியம்மாள் வாசலிலேயே என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தாள். ஐம்பது வயதுப் பெண், புருஷன் இல்லை, அப்பனும் மகளும் மட்டும் அந்த வீட்டில். நான் விஷயத்தைச் சொல்லி டப்பாவைப் பிரித்துக் கொடுத்தேன். பெரியவருக்குக் கண் மங்கல். பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். துதிக்கை ளைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் அப்பாவை ஐயா என்பார்கள். "எங்கய்யா போறப்ப நான் தொட்டில்ல கெடந்தேன் அப்பு" என்றார். "வாரேன்னு சொல்லிட்டுத்தேன் போனாக. காணோம்னு ஒரே ஒரு தாக்கல் வந்துச்சு, அம்புட்டுத்தேன். செத்ததா யாரும் சொல்லல. வாரேன்னு சொன்ன மனுசன் வருவாருன்னு எங்காத்தா பொட்டும் தாலியுமாவே இருந்து, அப்பிடியே போய்ச் சேந்துருச்சு. என்னத் திதி குடுக்க விடல. உசுரோட இருக்கவுகளுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சா அது கொலைடான்னு சொல்லும்."

"ஆத்தா போனதுக்கப்புறமும் நீங்க குடுக்கலையா?"

"ஆடி அமாவாசைக்கு வருசா வருசம் வைகைக்குப் போவேன். ஆத்தா பேரச் சொல்லித் தண்ணி விடுவேன். அப்பா பேரச் சொல்லுங்கன்னு ஐயரு கேப்பாரு. நான் வாய மூடிக்கிருவேன். நானே கொன்னு போட்ட மாதிரி ஆயிருமோன்னு பயம்."

பேச்சு வாக்கில் என் சேகரிப்பைப் பற்றியும் கேட்டார். நானும் வழக்கம்போல உயிருள்ளது, செத்தது என்று விளக்கினேன். அவர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குண்டு செத்துருச்சான்னு எதை வச்சுச் சொல்லுவீக?"

"உள்ள மருந்து இருக்கான்னு பாப்போம் பெரியவரே. எடுத்துட்டாங்கன்னா ஓட்டை போட்டிருக்கும்."

டப்பாவை இரண்டு கையாலும் என் பக்கமாக நீட்டினார். "அப்ப இதையும் பாத்துச் சொல்லுங்க. எங்கய்யா செத்துட்டாகளா? அடுத்த ஆடிய நான் பாக்க மாட்டேன். இந்த ஆடியிலயாவது ஐயரு கேட்டா பேரச் சொல்லிரலாமா?"

ஆள் இல்லாமல் பாத்திரம் மட்டும் கிடைத்தால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தமா? ஆனால் எண்பது வருஷத்துக்குப் பிறகு வேறு என்ன அர்த்தம்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை. "சொல்லிரலாம் பெரியவரே" என்றேன். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டென்று அவள் முகம் மாறியது.

"என்னண்ணே, வெறும் ஏனமாவா கொண்டாந்தீக?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஏனம் என்றால் அங்கே பாத்திரம். ஒரு வீட்டுப் பாத்திரத்தை அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக்கூடாது, ஒரு கை சர்க்கரையோ உப்போ அரிசியோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு முழம் பூவோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரியாத வழக்கமா இது? பக்கத்து வீட்டு டம்ளரைக்கூட ஜெயா வெறுமனே அனுப்ப மாட்டாள். ஆனால் அவள்தான் இதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே. நானோ அதைப் பாத்திரமாகவே நினைக்கவில்லை, போர்க்களச் சாமானாக நினைத்துப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

"தப்பா நெனைக்காத தாயி" என்று ஏதோ சமாளித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லண்ணே, இருங்க" என்று டப்பாவை அப்பாவின் மடியில் வைத்துவிட்டுச் சர்க்கரை எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

அப்போதுதான் ஆரம்பித்தது. நீளமாக ஒரு இழுப்பு. மூலையில் கிறுக் கிறுக். எங்கள் வீட்டில் கேட்ட அதே சத்தம், இப்போது பெரியவர் மடியில். அவர் கையை எடுக்கவில்லை. விரல்கள் டப்பாவின் விளிம்பைப் பிடித்திருந்தன, உள்ளே யாரோ அழுத்தித் தேய்ப்பதுபோல் அவருடைய விரல் நுனிகள் அதிர்ந்ததை நான் பார்த்தேன். பாண்டியம்மாள் சர்க்கரை டப்பாவோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பெரியவர் குனிந்து, டப்பாவுக்குள் வாயை வைத்து, "ஐயா" என்று கூப்பிட்டார்.

சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல் வந்தது. சின்ன வயசுக் குரல். இருபது, இருபத்திரண்டு இருக்கலாம். ரொம்பக் கூச்சப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறவன் குரல்.

"ஏனுங்க, வெறும் போசிய எப்படீங்க திருப்பிக் குடுக்கறது?"

அவ்வளவுதான். மறுபடி சுரண்டும் சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்துபோனது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரியவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்லுவது. எண்பது வருஷமாக ஒரு குரலுக்குக் காத்திருந்து, குரலும் வந்து, அது வேறு யாருடைய குரலாகவோ இருந்தால் ஒரு மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

"இது எங்கய்யா இல்ல" என்றார்.

எனக்கும் தெரிந்துவிட்டது. பாத்திரத்தைப் போசி என்று நிலக்கோட்டைப் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி, தாராபுரம், காங்கேயம் பக்கத்துப் பேச்சு அது. அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் என் பட்டறைக்கு வந்தால் டீ வாங்கிவரப் போசி இருக்குங்களா என்று கேட்பார்கள். பெயரைப் பார்த்ததும் பாத்திரத்தோடு செத்தவன் சின்னக்காளைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரவல் போனால் திரும்பி வரட்டும் என்றுதானே பெயரே வெட்டுகிறோம், இது இரவல் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாரோ மேக்காட்டுப் பையன், கொங்குப் பக்கத்துக்காரன்" என்றார் பெரியவர். "எங்கய்யாகிட்ட எரவல் வாங்கிருக்கான். திருப்பிக் குடுக்கப் பாக்குறான்."

பாண்டியம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உள்ள போட்டுக் குடுக்க ஒண்ணும் கெடைக்கலய்யா அவுகளுக்கு. அதேன் சொரண்டிக்கிட்டே இருக்காக" என்றாள்.

பசியில் சுரண்டுகிறான் என்று நாங்கள் நினைத்தோமே, அது பசி இல்லை. சுற்றிலும் குண்டு விழுந்துகொண்டிருக்கிற மலையில், சோறு இல்லாமல், ஒரு பையன் இன்னொருத்தன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வெறுமனே கொடுக்கக் கூச்சப்பட்டு, ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்குமா என்று வழித்துக்கொண்டிருக்கிறான்.

பெரியவர் டப்பாவை அணைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதுபோல. "அப்பு, நான் அவரு மகன். வெறும் ஏனமா இருந்தாலும் பரவாயில்ல. நான் வாங்கிக்கிட்டேன். நீ போ." பதில் இல்லை. பாண்டியம்மாள் சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள். நான் கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்தார். "சொல்லிரலாம்னு சொன்னீகளே அப்பு. இப்ப என்ன சொல்றீக? அவன் வாங்குறப்ப எங்கய்யா உசுரோடதான இருந்திருக்காக? திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சானே, அப்பவும் இருந்திருக்காகல்ல?"

பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன். இருக்கிற ஒரே சாட்சியையும் நானே கொண்டுவந்து கொடுத்து, நானே பறித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அந்த ஆடி அமாவாசைக்கு அவர் வைகைக்குப் போகவில்லை. சத்தமும் நிற்கவில்லை. பாண்டியம்மாள் போனில் சொன்னாள், தினம் மதியம் சுரண்டுகிறதாம், தினம் இவர் குனிந்து, நான் வாங்கிக்கிட்டேன் அப்பு, நீ போ என்று சொல்கிறாராம். அந்தப் பையனுக்கு மகன் கணக்கில் இல்லைபோல. யாரிடம் வாங்கினானோ அவர் கையில்தான் கொடுப்பான்போல. கடைசி மாதங்களில் பெரியவர் போ என்று சொல்வதை விட்டுவிட்டு வேறொன்று கேட்க ஆரம்பித்தாராம். எங்கய்யாவை எங்கே வைத்துப் பார்த்தாய், எந்தப் பக்கம் போனார், அடிபட்டிருந்தாரா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு அப்பு என்று. அவன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தை மாதம் ஒரு நாள் கேட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் உயிர் போகும்வரை ஐயர் கேட்ட அந்தப் பெயரை அவர் வாய் சொல்லவே இல்லை.

காரியம் முடிந்த கையோடு பாண்டியம்மாள் பஸ் பிடித்து நாகல் நகருக்கே வந்துவிட்டாள், மஞ்சள் பையில் டப்பாவோடு. "என்னால அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு தனியா இருக்க முடியலண்ணே. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். டப்பாவைத் திறந்து பார்த்தேன், விளிம்பு வரைக்கும் புதுச் சர்க்கரை. அவள் லேசாகச் சிரித்தாள். "வெறும் ஏனமாக் குடுக்கக் கூடாதுல்ல." ஜெயா அவளை உட்காரவைத்துச் சோறு போட்டாள். டப்பாவை மேலே கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன், அன்று மதியம் அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எங்கள் மூன்று பேருக்குமே கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தச் சர்க்கரை இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் சீனி டப்பாவைச் செத்த நேரம் திறந்து வைத்தால் எறும்பு வரிசை கட்டிவிடும். மேலே அந்த டப்பாவுக்கு ஒரு எறும்பு வந்ததில்லை. சித்திரையில் கோடை மழை விடாமல் பெய்து சுவரெல்லாம் ஓதம் ஏறியது, சர்க்கரை கட்டி தட்டக்கூட இல்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கலாம், எனக்குத் தெரியாத காரணம், போகட்டும்.

ஆனால் பாண்டியம்மாள் வந்துபோன மறுநாள் மதியம் நடந்ததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது சுரண்டல் ஆரம்பித்தது. நான் எழுந்து மாடிப்படி ஏறினேன், எனக்குப் பின்னாலேயே ஜெயாவும் எச்சில் கையோடு வந்தாள். அறை வாசலில் நிற்கிறோம். உள்ளே நீளமாக ஒரு இழுப்பு, மூலையில் கிறுக் கிறுக். அப்புறம் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, கெஞ்சுகிற குரல்.

"செத்த நிறுத்து அப்பு. இந்த ஏனத்துக்காரரு எங்கிட்டு இருக்காரு? நீ பாத்தியா?"

வெள்ளைச்சாமி குரல். சத்தம் நின்றது. நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அந்தப் பையன் பதில் சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. மறுபடி சுரண்ட ஆரம்பித்துவிட்டான்.

செத்துப்போனால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றையும் நம்பாத எனக்குள்ளேகூட அந்த ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது போய்விட்டது.

தினம் கேட்கிறது. சில நாள் சுரண்டல் மட்டும், சில நாள் அந்தக் கேள்வியும். மணிப்பூர்க்காரரிடம் டப்பா கிடைத்த இடத்தைச் சுற்றித் தோண்டிப் பார்க்கச் சொன்னேன். தோண்டினார், ஒன்றும் கிடைக்கவில்லை. தாராபுரம் பக்கத்து லாரிக்காரர்கள் வரும்போதெல்லாம், உங்கள் ஊரிலிருந்து அந்தக் காலத்தில் பர்மாவுக்குப் போய் வராதவர் யாராவது உண்டா என்று கேட்கிறேன். நிறையப் பேர் உண்டு என்கிறார்கள். பெயர் தெரியாமல் யாரைத் தேடுவது? டப்பாவில் இருப்பது கொடுத்தவர் பெயர்தானே, வாங்கியவன் பெயர் இல்லையே.

பாண்டியம்மாள் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். ஆடி வருகிறது, அப்பனுக்கு வைகையில் தண்ணீர் விட ஏற்பாடு செய்யப்போகிறாளாம், ஐயர் தாத்தா பெயரையும் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருக்கிறாளாம்.

"எங்கய்யா இந்நேரம் அவுக அய்யாவப் பாத்துப் பேசிக்கிட்டு இருப்பாரு, இல்லண்ணே?" என்று கேட்டாள். குரல் தெளிவாக, சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேலே அப்போதுதான் பெரியவர் கெஞ்ச ஆரம்பித்திருந்தார். நான் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, படியிறங்கிப் பட்டறைக்கு வந்து, கம்ப்ரஸர் சுவிட்சைப் போட்டேன். அந்த இரைச்சல் நன்றாக ஏறிய பிறகு, "பாத்திருப்பாரு தாயி" என்று சொன்னேன்.